இப்போதுதான் உன்னை நினைத்தேன்

மழை ஓய்ந்த மாலை. போருக்குப் போன தலைவன் எப்போது திரும்புவான் என்று தெரியாமல் ஒரு வீடு கலங்கிக் கிடக்கிறது. அந்த வீட்டின் வயதான பெண்கள் நாழி நெல்லும் முல்லைப் பூவும் எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே போய், அவற்றைத் தூவிக் கைகூப்பி நிற்கிறார்கள். யாரோ ஒருவர் எதையோ பேசுவது காதில் விழ வேண்டும். அதுதான் அவர்கள் காத்திருக்கும் பதில். பக்கத்தில் ஓர் ஆயர் வீட்டுப் பெண். சிறு கயிற்றில் கட்டிய கன்று தவிப்பதைப் பார்க்கிறாள். குளிருக்குத் தோளைக் கட்டிக்கொண்டு, "இன்னே வருகுவர் தாயர்" என்கிறாள். உங்கள் அம்மாக்கள் இப்போதே வந்துவிடுவார்கள் என்று கன்றுக்கு ஆறுதல் சொல்கிறாள். கேட்ட பெண்கள் மகிழ்ந்து வீட்டுக்கு ஓடுகிறார்கள். நல்ல வார்த்தை கேட்டோம், தலைவன் வருவது உறுதி என்கிறார்கள்.

முல்லைப்பாட்டில் வரும் காட்சி இது. விரிச்சி கேட்டல் என்று இந்த வழக்கத்துக்குப் பெயர். ஆநிரை கவரப் போகும் வீரர்களும் புறப்படும் முன் விரிச்சி கேட்டதைத் தொல்காப்பியம் சொல்கிறது. தற்செயலாக நடப்பதில் தனக்கான சேதியைத் தேடுவது எவ்வளவு பழைய பழக்கம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தமிழில் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

கொஞ்சம் நிதானமாகப் பார்த்தால் அந்தக் காட்சியில் எல்லாமே இருக்கிறது. ஆய்மகளுக்கு அந்த வீட்டுக் கவலை தெரியாது. அவள் பேசியது கன்றிடம். மாடு திரும்பும் நேரம், கட்டிப்போட்ட கன்று, பசியில் கத்தல் என்று இருக்கும்போது "இதோ வந்துருவாங்க" என்பதுபோல் ஒரு பேச்சு எழுவது அன்றாடம் நடப்பது. அந்த ஊரில் எத்தனையோ மாலைகளில் எத்தனையோ பேர் அதே வார்த்தையைச் சொல்லியிருப்பார்கள், யாரும் திரும்பிக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். அன்றைக்கு மட்டும் அது சேதியானதற்குக் காரணம், கேட்டவர்கள் மனத்தில் ஏற்கெனவே ஒரு கேள்வி இருந்தது.

புலவர் நப்பூதனார் அடுத்துச் சொல்வதுதான் என்னை இன்னும் ஆழமாகத் தொடுகிறது. முதுபெண்டிர் நற்சொல்லைத் திரும்பத் திரும்ப எடுத்துக்காட்டியும் தலைவி தேறவில்லை. அவள் கண்ணிலிருந்து முத்து முத்தாகக் கண்ணீர் விழுகிறது. ஒரே தற்செயல், ஒரே வீடு. சிலருக்கு அது உறுதி, ஒருத்திக்கு அது போதவில்லை.

இன்றைக்கு நாம் ஊருக்கு வெளியே போய் நிற்பதில்லை. ஆனால், ரொம்ப நாளாகப் பேசாத தோழியை நினைத்துக்கொண்டு காய் நறுக்கும்போது அவளே போனில் கூப்பிட்டால், "உனக்கு நூறு ஆயுசு, இப்போதான் நினைச்சேன்" என்கிறோம். கையில் கத்தியோடு ஒரு கணம் அப்படியே நின்றுவிடுகிறோம். இது நடக்க எவ்வளவு வாய்ப்பு? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். எண்கள் உத்தேசமானவைதான், வழி முக்கியம்.

ஒரு தோழியை மாதம் ஒரு முறை நினைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். அவள் வருடத்துக்கு இரண்டு முறை அழைப்பாள். நினைத்த 10 நிமிடத்துக்குள் போன் வந்தால் அதை அதிசயம் என்போம். வருடத்துக்கு 12 முறை, தலா 10 நிமிடம் என்றால் மொத்தம் 120 நிமிடம். நாம் விழித்திருக்கும் நேரம் நாளுக்கு 16 மணி என்றால் வருடத்துக்கு 3,50,400 நிமிடம். இரண்டு அழைப்பில் ஒன்று அந்த 120 நிமிடத்துக்குள் விழ வாய்ப்பு ஏறக்குறைய 1,460இல் ஒன்று. அரிதுதான். ஆனால் இப்படி எப்போதாவது நினைத்து, எப்போதாவது பேசுகிறவர்கள் நம் எல்லோருக்கும் 50 பேராவது இருப்பார்கள். அப்போது ஒரு வருடத்தில் நடக்கும் வாய்ப்பு 29இல் ஒன்று ஆகிவிடுகிறது. அதாவது ஒருவருக்கு வாழ்நாளில் இரண்டு முறையாவது நடக்கும். தமிழ்நாட்டில் 5 கோடிப் பேர் இப்படிப் போன் பேசுகிறார்கள் என்று கொண்டால் நாளொன்றுக்கு ஏறத்தாழ 4,700 பேர் "இப்போதான் நினைச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருப்பார்கள். காய் நறுக்கிக்கொண்டிருந்தவர் அன்றைய 4,700 பேரில் ஒருவர்.

இந்தக் கணக்கிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. நினைப்பும் அழைப்பும் ஒன்றோடொன்று தொடர்பே இல்லாதவை என்று அது எடுத்துக்கொள்கிறது. உண்மை அப்படி இல்லை. நமக்கு ஒருவரை நினைவூட்டுவது எதுவோ, அதுவே அவருக்கும் நம்மை நினைவூட்டும். பொங்கலுக்கு முந்தின வாரம், சேர்ந்து படித்த காலத்துப் படம் டிவியில் ஓடும் ஞாயிற்றுக்கிழமை, படித்த ஊரில் வெள்ளம் என்ற செய்தி, பழைய ஆசிரியர் காலமானதாக வாட்சாப்பில் வந்த தகவல். இரண்டு பேருக்கும் ஒரே தூண்டுதல், ஒரே நேரத்தில். அதனால் உண்மையான வாய்ப்பு நம் கணக்கைவிட இன்னும் அதிகம். சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் ஞாயிறு மாலை சொந்த ஊர்க்காரரைப் பார்ப்பதும் இதே வகை. அந்தக் கிழமை அந்தத் தெருவில் அவரும் நாமும் இருப்பதற்கான காரணம் ஒன்றேதான்.

நம் மூளை இதில் ஏன் தடுமாறுகிறது என்பதற்குப் பிறந்தநாள் கணக்கு நல்ல உதாரணம். ஒரு அறையில் எத்தனை பேர் இருந்தால் அவர்களில் இருவருக்கு ஒரே பிறந்தநாள் இருக்கச் சரிபாதிக்கு மேல் வாய்ப்பு உண்டு? பெரும்பாலோர் 180க்குப் பக்கத்தில் சொல்வார்கள். 23 பேர் போதும். 50 பேர் உள்ள வகுப்பில் வாய்ப்பு 97 சதவீதம். நாம் "எனக்கு யாராவது பொருந்துவார்களா" என்று நம்மை நடுவில் வைத்து எண்ணுகிறோம். ஆனால் 23 பேருக்குள் 253 ஜோடிகள் இருக்கின்றன, எந்த ஜோடி பொருந்தினாலும் அது பொருத்தம்தான். தற்செயல் பற்றிய திகைப்பில் பெரும்பகுதி இங்கிருந்து வருகிறது.

அமெரிக்காவில் நியூஜெர்சி மாநிலத்தில் 1980களின் நடுவில் ஒரு பெண் நான்கு மாத இடைவெளியில் இரண்டு முறை லாட்டரியில் பெரும்பரிசு வென்றார். 17 லட்சம் கோடியில் ஒன்று என்று பத்திரிகைகள் எழுதின. அந்த ஒரு பெண், இரண்டே சீட்டு வாங்கி, இரண்டிலும் வெல்லும் வாய்ப்பு அது. பர்டியூ பல்கலைக்கழகப் புள்ளியியலாளர்கள் இரண்டு பேர் கேள்வியைத் திருப்பிப் போட்டார்கள். லட்சக்கணக்கானோர் வாரந்தோறும் சீட்டு வாங்கும் நாட்டில், எங்காவது யாராவது இரண்டு முறை வெல்ல எவ்வளவு வாய்ப்பு? ஏழு ஆண்டில் என்றால் பாதிக்கு மேல். நான்கே மாதத்துக்குள் என்றாலும் 30இல் ஒன்றுக்கு மேல். பெர்சி டயகோனிஸ், ஃபிரெடரிக் மாஸ்டெல்லர் என்ற இருவர் 1989இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதை எடுத்துக்காட்டி, ஆட்களும் தடவைகளும் போதிய அளவு பெருகினால் எந்த வியப்பும் நடந்தே தீரும் என்று விளக்கியது.

கணிதவியலாளர் லிட்டில்வுட்டின் பெயரால் வழங்கும் கணக்கும் உண்டு. விழிப்பாக இருக்கும் நேரத்தில் நொடிக்கு ஒன்று என்று எதையோ பார்க்கிறோம், கேட்கிறோம். நாளுக்கு 8 மணி நேரம் அப்படி என்றால் 35 நாளில் 10 லட்சம் நிகழ்வுகள். ஆக, பத்து லட்சத்தில் ஒன்று என்னும் அதிசயம் மாதத்துக்கு ஒன்று நமக்கு வந்தாக வேண்டும்.

இந்த லிட்டில்வுட் கேம்பிரிட்ஜில் இராமானுஜனின் கணிதத்தோடு நெருங்கிப் பழகியவர். ஒவ்வொரு முழு எண்ணும் இராமானுஜனுக்கு நண்பன் என்று சொன்னவர் இவர்தான். புட்னியில் நோயுற்றுக் கிடந்த இராமானுஜனைப் பார்க்க ஹார்டி வந்த டாக்சியின் எண் 1729 என்ற கதை எல்லோருக்கும் தெரியும். சுவையில்லாத எண் என்றார் ஹார்டி. இல்லை, இரண்டு முப்படிகளின் கூடுதலாக இரண்டு விதத்தில் எழுத முடிகிற மிகச் சிறிய எண் என்றார் இராமானுஜன். அந்த எண்ணில் டாக்சி வந்தது தற்செயல். ஆனால் 9, 10, 12 ஆகியவற்றின் முப்படிகளைப் பிணைக்கும் சமன்பாட்டை இராமானுஜன் ஏற்கெனவே தன் கையால் எழுதி வைத்திருந்தவர். வேறு எண்ணோடு டாக்சி வந்திருந்தாலும் அவரிடம் சொல்ல ஏதோ இருந்திருக்கும் என்றே நம்புகிறேன்.

எண்ணிக்கை பாதிக் கதை. மீதிப் பாதி கவனம். புதிதாக ஒரு நிற ஸ்கூட்டர் வாங்கினால் தெருவெல்லாம் அதே நிற ஸ்கூட்டர். கருவுற்ற பெண்ணுக்குப் பேருந்து நிறையக் கர்ப்பிணிகள். ஒரு வார்த்தையை முதல்முறை கற்ற வாரத்தில் மூன்று இடத்தில் அதே வார்த்தை. மொழியியலாளர் ஆர்னால்ட் ஸ்விக்கி 2005இல் இதற்குப் பெயர் வைத்து இரண்டு படியாகப் பிரித்தார். முதலில் கவனம் அந்தப் பொருளைத் தேர்ந்து பிடிக்கத் தொடங்குகிறது. அப்புறம், ஒவ்வொரு முறை கண்ணில் படும்போதும் "பார்த்தாயா, மறுபடியும்" என்று மனம் கணக்கில் ஏற்றிக்கொள்கிறது. தெருவில் எதுவும் கூடவில்லை.

பல்லி சொல்வதை எடுத்துக்கொள்ளுங்கள். பெண் பார்க்கப் போவது பற்றிக் கூடத்தில் பேச்சு நடக்கிறது. "நல்ல இடம், அமைஞ்சிடும்" என்று பாட்டி முடிக்கும்போது சுவரில் பல்லி கட்கட் என்கிறது. பாட்டி விரலால் தரையைத் தட்டி, "பல்லியே சொல்லிடுச்சு" என்கிறார். அதே பல்லி சற்று முன்பு கரண்ட் பில் பற்றிய பேச்சின் நடுவிலும் சொல்லியிருக்கும். அது யார் காதிலும் விழவில்லை. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையைச் சொல்லிச் சொல்லி வளர்ந்தவர்கள் நாம். ஆனால் காக்கை உட்கார்ந்தும் பழம் விழாத நாட்களை யாரும் கதையாகச் சொல்வதில்லை.

தற்செயல்களுக்கு இதையெல்லாம் தாண்டி ஒரு பொருள் உண்டு என்று வாதாடியவர்களில் பெரும்பெயர் கார்ல் யுங். சுவிட்சர்லாந்து மனநல மருத்துவர். அவருக்கு முன்பே வியன்னாவில் பால் கம்மரர் என்ற உயிரியலாளர் பூங்காவில் உட்கார்ந்து, போகிறவர் வருகிறவரில் எத்தனை பேர் குடை வைத்திருக்கிறார்கள், தொப்பி போட்டிருக்கிறார்கள் என்றெல்லாம் குறித்துவைத்து, நிகழ்வுகள் கூட்டம் கூட்டமாக வருவதாக 1919இல் ஒரு புத்தகம் வெளியிட்டார். யுங் 1952இல் எழுதிய நீண்ட கட்டுரை, இயற்பியலாளர் வொல்ஃப்காங் பவுலியின் கட்டுரையோடு ஒரே நூலாக வந்தது. காரணமும் விளைவுமாக இல்லாமல், பொருளால் மட்டும் இணைந்த நிகழ்வுகள் உலகில் உண்டு என்பது அவர் வாதம். அதற்கு அவர் வைத்த பெயர் சிங்க்ரோனிசிட்டி.

அவர் சொல்லும் உதாரணம் புகழ்பெற்றது. எதையும் அறிவால் மட்டுமே எடைபோட்டு, சிகிச்சையில் ஓர் அடிகூட நகராமல் இருந்தார் ஒரு பெண். முந்தின இரவு கனவில் யாரோ தனக்குத் தங்க வண்டு நகை ஒன்றைக் கொடுத்ததாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். யுங்கின் முதுகுக்குப் பின்னால் ஜன்னலில் டக்டக் என்று சத்தம். திறக்கிறார். பொன்பச்சை மினுக்கும் ஒரு வண்டு உள்ளே பறந்து வருகிறது. அதைக் கையில் பிடித்து, "இதோ உங்கள் வண்டு" என்று நீட்டுகிறார். அந்தப் பெண்ணின் பிடிவாதம் அங்கே உடைந்தது, சிகிச்சை முன்னேறியது என்கிறார்.

அந்த வண்டு அந்த ஊர்ப்பக்கம் கோடையில் சாதாரணமாகத் திரிவது, அரிய பூச்சி இல்லை. யுங் எத்தனை நோயாளிகளிடம் எத்தனை கனவு கேட்டிருப்பார், அவற்றில் எத்தனைக்கு ஜன்னலில் எதுவும் தட்டவில்லை என்று கேட்டால் அவர் கோட்பாடு நிற்காது. எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் அந்த அறையில் நடந்தது உண்மை. தன்னை இறுக்கி வைத்திருந்த ஒருவரை அந்த நொடி தளர்த்தியது. வண்டுக்கு அந்தப் பெண்ணைத் தெரியாது, அந்தப் பெண்ணுக்குத் தன்னைப் பற்றி ஏதோ தெரிந்தது. தற்செயலிலிருந்து நாம் உண்மையாகவே பெறக்கூடிய செய்தி இதுதான் என்று நினைக்கிறேன். எது நம் காதில் விழுந்தது என்பதிலிருந்து, நாம் எதைச் சுமந்துகொண்டிருந்தோம் என்பது தெரிகிறது.

அதனால்தான், அப்பாவின் திதியன்று இலையில் சோறு வைத்ததும் காகம் வந்ததைச் சொல்லிக் கண்கலங்கும் ஒருவரிடம் நிகழ்தகவு பேசுவது தவறு. தினமும் சோறு வைக்கும் வீட்டைக் காகத்துக்கு நன்றாகத் தெரியும் என்பது சரியான தகவல்தான். ஆனால் அவர் காகத்தின் பழக்கத்தைப் பற்றிக் கேட்கவில்லை, அப்பாவைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறார். உட்கார்ந்து கேட்க வேண்டிய இடம் அது. அதே காகத்தைக் காட்டி, அப்பா ஆத்மா சாந்தியடையவில்லை, பரிகாரத்துக்கு இவ்வளவு ஆகும் என்று ஒருவர் பணம் கேட்டால் அங்கே கணக்கை எடுத்து வைத்தே ஆக வேண்டும். ஒரு தற்செயலை வைத்து அடுத்தவர் வாழ்க்கையில் கைவைக்கும் இடத்தில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கைவைப்பது எவ்வளவு கொடுமையாக முடியும் என்பதற்கு இங்கிலாந்தில் நடந்த ஒரு வழக்கு. ஒரு தாயின் கைக்குழந்தை 1996இல் திடீரென இறந்தது. அடுத்த குழந்தை 1998இல் அதேபோல் இறந்தது. தாய் மீது கொலை வழக்கு. அவருடையதைப் போன்ற குடும்பத்தில் கைக்குழந்தை காரணம் தெரியாமல் திடீரென இறக்கும் தொட்டில் மரணம் 8,543இல் ஒன்று, இரண்டு நடக்க வேண்டுமானால் அதை அதனாலேயே பெருக்க வேண்டும், 7.3 கோடியில் ஒன்று என்று பெயர்பெற்ற குழந்தை மருத்துவர் சாட்சி சொன்னார். 1999இல் அந்தத் தாய்க்கு ஆயுள் தண்டனை.

பெருக்கியதே பிழை. ஒரே வீடு, ஒரே மரபணு, ஒரே சூழல். முதல் மரணத்துக்குக் காரணமான ஏதோ ஒன்று இரண்டாவதற்கும் காரணமாக இருக்கலாம், போன் கணக்கில் பார்த்த அதே ஓட்டைதான். அதைவிடப் பெரிய பிழை, 7.3 கோடியில் ஒன்று என்பதைக் கேட்டவர்கள் அவர் குற்றமற்றவராக இருக்க வாய்ப்பே அவ்வளவுதான் என்று எடுத்துக்கொள்ள இடம் தந்தது. ஒரு தாய் தன் இரண்டு குழந்தைகளையும் கொல்வதும் மிக மிக அரிது. இரண்டு அரிய விஷயங்களில் எது அதிக அரிது என்று ஒப்பிட்டிருக்க வேண்டும். 2001இல் ராயல் புள்ளியியல் கழகம் இந்தப் பிழையைக் கண்டித்துப் பொது அறிக்கை விட்டது. இரண்டாவது குழந்தையின் உடலில் கிருமித் தொற்று இருந்ததைக் காட்டிய பரிசோதனை முடிவு வழக்கின்போது வெளியே வரவில்லை என்பதும் பின்னால் தெரிந்தது. 2003இல் தண்டனை ரத்தானது. மூன்று ஆண்டுக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு வந்தவர் 2007இல் இறந்துபோனார். இங்கே தற்செயலைத் தற்செயல் என்று ஏற்க மறுத்ததுதான் கேடு. இது இவ்வளவு அரிது, ஆகவே யாரோ செய்திருக்க வேண்டும் என்ற எண்ணம் மூடநம்பிக்கைக்காரரிடம் மட்டும் இருப்பதில்லை. கோட்டு போட்ட நிபுணரிடமும் இருக்கும்.

சரி, ஒரு பொருத்தத்துக்குப் பின்னால் எதுவும் இல்லையா, ஏதாவது இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? 1944இல் லண்டன் மீது ஜெர்மனி வி-1 பறக்கும் குண்டுகளை ஏவியபோது சில பகுதிகளில் குண்டுகள் குவிந்து விழுவதாக மக்கள் நம்பினார்கள். இலக்கு வைத்துத்தான் அடிக்கிறார்கள் என்ற பேச்சு. ஆர். டி. கிளார்க் என்ற காப்பீட்டுக் கணக்கியலாளர் தெற்கு லண்டனின் 144 சதுர கிலோமீட்டரை 576 சமக் கட்டங்களாகப் பிரித்து, விழுந்த 537 குண்டுகளைக் கட்டம் கட்டமாக எண்ணினார். ஒன்றும் விழாத கட்டங்கள் 229. கண்மூடித்தனமாக விழுந்திருந்தால் 227 இருக்க வேண்டும் என்றது கணிதம். ஒன்று விழுந்தவை, இரண்டு விழுந்தவை எல்லாமே அதேபோல் ஒத்துப்போயின. குவியல் இருந்தது நிஜம், அதற்குப் பின்னால் குறி இல்லை. தாறுமாறாக விழுவது சீராகப் பரவி விழாது, அங்கங்கே குவியத்தான் செய்யும்.

அதே சோதனை எதிர்ப்பக்கமும் முடியலாம். 1978இல் கனடாவில் கணிதவியலாளர் ஜான் மெக்கே கண்ணில் ஓர் எண் பட்டது. எண்கோட்பாட்டில் 19ஆம் நூற்றாண்டிலிருந்தே புழங்கும் ஒரு சார்பை விரித்து எழுதினால் 196884 என்ற கெழு வரும். அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு துறையில், சமச்சீர்களை ஆராய்கிறவர்கள், மான்ஸ்டர் என்று பெயர் வைத்த மாபெரும் குலம் ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்கள். குலம் என்பது கணிதத்தில் சமச்சீர்களின் ஒரு தொகுப்பு. அதன் உறுப்புகளின் எண்ணிக்கையை எழுத 54 இலக்கங்கள் வேண்டும். அது இயங்கக்கூடிய மிகச் சிறிய வெளிக்கு 196883 பரிமாணம். ஒன்றே ஒன்று வித்தியாசம். சும்மா ஒத்துப்போயிருக்கிறது என்று யாரும் ஒதுக்கிவிட்டிருக்கலாம்.

மெக்கே அதைக் குலங்களை ஆராயும் கணிதவியலாளர் ஜான் தாம்சனுக்குக் கடிதமாக எழுதினார். தாம்சன் செய்ததுதான் பாட்டியின் பல்லி விஷயத்தில் யாரும் செய்யாதது. அடுத்த எண்ணும் பொருந்துகிறதா என்று பார்த்தார். சார்பின் அடுத்த கெழு 21493760. மான்ஸ்டரின் அடுத்த பரிமாணம் 21296876. இதோடு 196883ஐயும் 1ஐயும் கூட்டினால் அதே 21493760. அதற்கடுத்த எண்களும் பொருந்தின. கணிதவியலாளர்கள் கான்வேயும் நார்ட்டனும் 1979இல் இதை ஒரு ஊகமாக வகுத்து, நம்பவே முடியாத விஷயம் என்ற பொருளில் மான்ஸ்ட்ரஸ் மூன்ஷைன் என்று பெயரிட்டார்கள். 1992இல் ரிச்சர்ட் போர்ச்செர்ட்ஸ், இயற்பியலின் இழைக் கோட்பாட்டிலிருந்து வந்த கருவிகளைக் கொண்டு அதை நிறுவினார். 1998இல் அவருக்குக் கணிதத்தின் மிக உயர்ந்த விருதுகளில் ஒன்றான ஃபீல்ட்ஸ் பதக்கம் கிடைத்தது.